பூச்சி மாத்திரையும் மோஷன் டெஸ்டும்: அறுபதைத் தாண்டியவர்களுக்கு எவ்வளவு கைகொடுக்கும்?

"அண்ணே, அப்பாவுக்குப் பூச்சி மாத்திரை ஒண்ணு குடுங்க." மதுரைப் பக்கம் கோரிப்பாளையமோ, உசிலம்பட்டியோ, மேலூர் பஸ் ஸ்டாண்டோ, எந்த மருந்துக் கடையில் இப்படிக் கேட்டாலும் கைக்கு வருவது பெரும்பாலும் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம். ஒற்றை மாத்திரைப் பட்டை, மென்று தின்கிற வகை, விலை ஏறக்குறைய ஒரு டீக்கு ஆகிற காசு. ஜென்டெல், பேண்டி என்று பல பெயர்களில் வந்தாலும் உள்ளே இருக்கும் மருந்து ஒன்றுதான். முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ பொதுப்பெயரில் கிடைத்தால் தாராளமாக அதையே வாங்கலாம்.

இந்த மாத்திரை, இதோடு ஐவர்மெக்டின் என்ற இன்னொரு புழு மருந்து சேர்த்து வருகிற கூட்டு மாத்திரை, லேபில் எடுக்கும் மோஷன் டெஸ்ட் ஆகிய மூன்றும் வயதானவர்களுக்கு எந்த அளவு பயன்படுகின்றன என்பதுதான் இந்த மதிப்பீடு. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அல்பெண்டசோல் நல்ல மருந்து. ஆனால் ஒரு வேளை மாத்திரையின் வேலை உருளைப்புழு, கொக்கிப்புழு இரண்டோடு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. வயதானவர் குடலில் பல வருஷம் சத்தமில்லாமல் இருந்து, ஒருநாள் உயிருக்கே உலை வைக்கக்கூடிய இன்னொரு புழு அதற்குத் தப்பிவிடும். எனவே அறுபது கடந்தவர்கள் விஷயத்தில் காசையும் மெனக்கெடலையும் முதலில் டெஸ்ட்டில் போடுவதே சரி.

முதலில் மாத்திரை. ஒரே வேளை 400 மி.கி. கொடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்தால், உருளைப்புழு இருந்தவர்களில் சுமார் 95 சதவீதம் பேருக்கும், கொக்கிப்புழு இருந்தவர்களில் சுமார் 80 சதவீதம் பேருக்கும் அறவே நீங்கிவிடுகிறது. சாட்டைப்புழுவுக்கு அந்தக் கணக்கு 30 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. அதற்கு மூன்று நாள் தொடர்ந்து கொடுக்க வேண்டும். நம் பக்கத்துப் பெரியவர்களிடம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது கொக்கிப்புழுதான். உருளைப்புழு சிறுவர்களிடம் அதிகம், வயது ஏற ஏறக் குறைகிறது. கொக்கிப்புழு அப்படியல்ல, மண்ணில் கால் வைத்து வேலை செய்கிற காலம் முழுக்கச் சேர்ந்துகொண்டே வரும். உசிலம்பட்டி, திருமங்கலம் மல்லிகைக் கொல்லைகளில் விடியுமுன் வெறுங்காலோடு பூ எடுக்கிறவர்கள், பெரியாறு வாய்க்கால் பாசனத்தில் நாற்று நடுகிறவர்கள், வாழைத்தோப்பில் தண்ணீர் கட்டுகிறவர்கள் எல்லோரும் இந்தக் கணக்கில் வருகிறார்கள். நிழலும் ஈரமும் உள்ள மணற்பாங்கான மண்தான் இந்தப் புழுவின் குஞ்சுக்கு ஏற்ற இடம். முட்டை மலத்தோடு மண்ணில் விழுந்து ஐந்து முதல் பத்து நாளில் தோலைத் துளைக்கும் பருவத்துக்கு வந்துவிடும். களை பறிக்கிற கை வழியாகவும் நுழையும். நுழைந்த இடத்தில் வரும் அரிப்பைச் சேற்றுப்புண் என்று நினைத்து மஞ்சள் பூசிவிட்டுப் போய்விடுகிறோம்.

கொக்கிப்புழு எவ்வளவு ரத்தம் குடிக்கும்? தமிழ்நாட்டில் அதிகம் காணப்படும் நெக்கேட்டர் வகையில் ஒரு புழு நாளொன்றுக்குச் சுமார் 0.03 மில்லி. நூறு புழு இருந்தால் 3 மில்லி. ஒரு மில்லி ரத்தத்தில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு உண்டு. குடல் அதில் கொஞ்சத்தைத் திரும்ப உறிஞ்சிக்கொண்டாலும், உடம்பு ஒரு நாளில் சாப்பாட்டிலிருந்து எடுக்கக்கூடிய இரும்பே ஒன்று, இரண்டு மில்லிகிராம்தான் என்பதால் வரவும் செலவும் நேராகிவிடுகிறது. கஞ்சியும் ஊறுகாயும், ஒரு நாளைக்கு நாலு டீயும் என்று சாப்பிடுகிற பெரியவருக்குச் செலவுதான் மிஞ்சும். ரத்தசோகை மெதுவாக வருவதால் உடம்பு பழகிக்கொள்ளும். படியேறினால் மூச்சு வாங்குவதை வயசாயிடுச்சு என்று வீட்டில் எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிடுவார்கள்.

தேசியக் குடற்புழு நீக்க நாள் பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 என வருஷத்துக்கு இரண்டு தடவை வருகிறது. அதில் மாத்திரை 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்குத்தான். தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயதுப் பெண்களையும் சேர்த்திருக்கிறார்கள். முதியவர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. வேலூர் சி.எம்.சி. திமிரி, ஜவ்வாது மலைப் பகுதிகளில் நடத்திய டிவார்ம்3 ஆய்வில் பெரியவர்களையும் சேர்த்து ஊர் முழுக்க மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். கொக்கிப்புழு பெரியவர்களிடம் தங்கியிருக்கும்போது பிள்ளைகளுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் போதுமா என்ற கேள்விதான் அதன் அடிப்படை. எங்கள் கணிப்பில் நூறு நாள் வேலைக்கும் களையெடுப்புக்கும் போகிற அறுபத்தைந்து வயது அம்மாவுக்கு, பள்ளிக்கூடப் பிள்ளையைவிட இந்த மாத்திரையின் தேவை குறைவு என்று சொல்லவே முடியாது.

எப்படிச் சாப்பிடுவது என்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். அல்பெண்டசோல் தண்ணீரில் கரைவது மிகக் குறைவு. உடம்பில் ஏறுவதும் கொஞ்சம்தான். குடலுக்குள் இருக்கும் புழுவுக்கு அதுதான் நமக்குச் சாதகம், மருந்து குடலிலேயே நின்று வேலை செய்கிறது. எண்ணெய், நெய் உள்ள சாப்பாட்டோடு எடுத்தால் உடம்பில் ஏறுவது ஐந்து மடங்குவரை கூடும். மூளையில் நாடாப்புழுக் கட்டி உள்ளவர்களுக்கு அப்படித்தான் கொடுப்பார்கள். வெறும் குடற்புழுவுக்கு அது தேவையில்லை. காலை இட்லிக்கு ஒரு மணி நேரம் முன்னாலோ, இரவு சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தோ எடுத்தால் போதும்.

பல் இல்லாதவர் இந்த மாத்திரையை முழுசாக விழுங்க முயலக் கூடாது. பெரிய மாத்திரை, தொண்டையில் நின்றுவிடும். இரண்டு எவர்சில்வர் கரண்டிக்கு நடுவில் வைத்து அழுத்தினால் பொடியாகிவிடும். அரை டம்ளர் தண்ணீரில் கலக்கிக் குடித்து, டம்ளரின் அடியில் தங்கியதையும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கலக்கிக் குடிக்க வேண்டும். அடியில் நிற்பதுதான் மருந்து. பக்கவாதம் வந்து விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு மாத்திரையே வேண்டாம். 10 மில்லி பாட்டிலில் திரவமாகக் கிடைக்கிறது, 5 மில்லிக்கு 200 மி.கி. என்ற கணக்கில் மொத்த பாட்டிலும் 400 மி.கி. நன்றாகக் குலுக்கி, உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். படுத்த நிலையில் ஊற்றினால் மூச்சுக்குழாயில் போய்விடும்.

அடுத்து எல்லா வீட்டிலும் எழும் சந்தேகம்: "மாத்திரை போட்டும் பூச்சி ஒண்ணும் வெளிய வரலையே?" வராது. இந்த மருந்து புழு குளுக்கோஸ் எடுப்பதைத் தடுத்து, பட்டினி போட்டு மெல்லக் கொல்கிறது. இரண்டு, மூன்று நாளில் செத்து மலத்தோடு கலந்து போகும். ஒரு சாண் நீளமுள்ள உருளைப்புழு என்றால் கண்ணில் படலாம். கொக்கிப்புழு ஒரு சென்டிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும், நூல் மாதிரி மெல்லியது. அது கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக மறுநாள் இன்னொன்று, அதற்கு மறுநாள் இன்னொன்று என்று போடுவதும், பூச்சியைத் தள்ளுவதற்கென்று விளக்கெண்ணெய் குடிப்பதும் வேண்டாத வேலை.

விளக்கெண்ணெய்ப் பேதி பற்றிச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை பேதிக்கு எடுப்பது நம் பக்கம் பழைய வழக்கம். திடமான உடம்புக்கு அது ஒரு நாள் அசதியோடு போய்விடலாம். பிரஷருக்காக நீர் பிரியும் மாத்திரை எடுக்கிற எழுபது வயதுக்காரருக்கு அப்படியல்ல. உடம்பில் தண்ணீரும் பொட்டாசியமும் ஏற்கெனவே விளிம்பில் நிற்கும். எட்டுப் பத்துத் தடவை போனதும் பிரஷர் இறங்கி, இரவில் எழுந்து பாத்ரூம் போகும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிந்துபோக இதுவே போதும். கொக்கிப்புழு குடல் சுவரைக் கவ்விக்கொண்டு இருப்பது. பேதியில் அது வராது.

இன்னொன்று ஆடுதின்னாப்பாளை. பூச்சிக் கொல்லி மூலிகை என்று வேலியோரத்திலிருந்து பறித்து அரைத்துக் கொடுப்பது கிராமங்களில் இன்னும் இருக்கிறது. அது அரிஸ்டலோகியா இனத்துச் செடி. அந்த இனத்தில் உள்ள அரிஸ்டலோகிக் அமிலம் சிறுநீரகத்தை நிரந்தரமாகக் கெடுக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கும். சர்க்கரையால் ஏற்கெனவே சிறுநீரகம் தளர்ந்த ஒருவருக்கு அதைக் கொடுப்பதை எந்தச் சமாதானத்தாலும் ஏற்க முடியாது. வேப்பங்கொழுந்தோ பூசணி விதையோ அந்த அளவு கெடுதல் செய்யாது. ஆனால் அவற்றை மாத்திரைக்கு மாற்றாக நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது வீண் காலவிரயம்.

ஒரு வேளை அல்பெண்டசோலால் வரும் தொந்தரவு குறைவுதான்: லேசான வயிற்றுவலி, குமட்டல், தலைச்சுற்றல், அதுவும் ஓரிரு நாள். கடையில் வாங்கிப் போடக்கூடாதவர்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. காரணம் தெரியாமல் வலிப்பு வந்தவர்கள் முதலில். மூளையில் நாடாப்புழுக் கட்டி இருந்தால் மாத்திரை அதைச் சுற்றி வீக்கத்தைக் கிளப்பி வலிப்பை வரவழைக்கலாம். பன்றிக்கறி சாப்பிடாதவருக்கு அது வராது என்பது தவறான நம்பிக்கை. நாடாப்புழு உள்ள ஒருவர் கையிலிருந்து முட்டை சாப்பாட்டில் பட்டால், சுத்த சைவருக்கும் மூளையில் கட்டி வரும். கல்லீரல் சுருக்கம் உள்ளவர்களும், பல நாள் தொடர்ந்து சாப்பிட வேண்டியவர்களும் ரத்த அணு, கல்லீரல் பரிசோதனையோடுதான் எடுக்க வேண்டும்.

இனி, தப்பிவிடுகிற அந்தப் புழு. பெயர் ஸ்ட்ராங்கிலாய்டிஸ். நம் பேச்சில் அதற்குத் தனிப் பெயர் இல்லை. இதுவும் கொக்கிப்புழு மாதிரி மண்ணிலிருந்து கால் வழியாக ஏறுவது. வித்தியாசம் இதன் பெருக்கத்தில். உருளை, கொக்கி, சாட்டைப் புழுக்களின் முட்டை வெளியே மண்ணுக்குப் போய்ப் பக்குவமானால்தான் அடுத்த சுற்று. இதன் குஞ்சுகள் குடலுக்குள்ளேயே பக்குவமாகி, அதே ஆளின் குடல் சுவரையோ ஆசனவாய்த் தோலையோ துளைத்து மறுபடி உள்ளே போய்விடும். எனவே இது தானாகத் தீராது. இரண்டாம் உலகப் போரில் சயாம்-பர்மா ரயில் பாதையில் வேலை வாங்கப்பட்ட போர்க் கைதிகள் ஊர் திரும்பிப் பல பத்தாண்டுகள் கழித்தும் அவர்கள் குடலில் இந்தப் புழு இருந்தது கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. நம் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மாண்ட பாதை அது. ஆக, வயல் வேலையை விட்டு இருபது வருஷம் முன்பே அண்ணா நகரில் மகன் வீட்டுக்கு வந்துவிட்ட அப்பத்தாவுக்கும் இது இருக்கலாம்.

இருந்தும் என்ன செய்யும்? பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. நெஞ்செரிச்சல் மாதிரி ஒரு வயிற்றுவலி, அவ்வப்போது பேதி, தொடையிலும் பிட்டத்திலும் கோடுகோடாய்த் தடித்து அரிக்கும். அந்தக் கோடு பார்த்துக்கொண்டிருக்கும்போதே மணிக்குச் சில சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். அவ்வளவுதான். ஆபத்து ஸ்டீராய்டு மாத்திரையோடு வருகிறது. மூச்சிரைப்பு, மூட்டுவாதம், தோல் நோய் என்று வயதானவர்களுக்கு ஸ்டீராய்டு எழுதப் பல காரணம் உண்டு. பெயர் எழுதாத மூட்டுவலிப் பொட்டலத்திலும் அது கலந்திருக்கலாம். ஸ்டீராய்டு ஏறியதும் உடம்பின் காவல் தளரும், புழு கட்டுமீறிப் பெருகும். ஆயிரக்கணக்கான குஞ்சுகள் குடலைத் துளைத்து நுரையீரலுக்கும் மற்ற உறுப்புகளுக்கும் போகும்போது குடல் கிருமிகளையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். ரத்தத்தில் நச்சு, மூளைக்காய்ச்சல் வரை போகும். இந்த நிலைக்குப் போனவர்களில் பிழைக்காதவர்களே பலர்.

இதில் மிக மோசமான கண்ணி ஒன்று உண்டு. குஞ்சுகள் நுரையீரலுக்கு ஏறினால் இருமலும் இளைப்பும் கூடும். ஆஸ்துமா முற்றிவிட்டது என்று ஸ்டீராய்டு அளவை இன்னும் கூட்டுவார்கள், புழு இன்னும் பெருகும். ஸ்டீராய்டு தொடங்கிய பிறகு வயிறு உப்பிசம், வாந்தி, விளங்காத காய்ச்சல், இளைப்பு அதிகமாவது இவற்றில் எது வந்தாலும் "இவர் முன்ன வயல் வேலை பார்த்தவர், புழு டெஸ்ட் எடுக்கலையே டாக்டர்" என்ற ஒரு வாக்கியத்தை வீட்டார் சொல்லியாக வேண்டும். ஆனால் யாரும் ஸ்டீராய்டைத் தாங்களாகப் பட்டென்று நிறுத்திவிடக் கூடாது, அதுவும் உயிருக்கு ஆபத்து.

இந்தப் புழுவுக்கு முதல் மருந்து ஐவர்மெக்டின். எடையில் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம், ஒரு நாள் அல்லது இரண்டு நாள், வெறும் வயிற்றில். அல்பெண்டசோல் இரண்டாம் பட்சம்தான், அதையும் நாளைக்கு இரண்டு வேளை ஏழு நாள் கொடுக்க வேண்டும். ஒற்றை மாத்திரை இந்தப் புழுவுக்கு ஆகாது. இங்கேதான் கூட்டு மாத்திரையின் குறை தெரிகிறது. கடைகளில் அதிகம் புழங்குவது அல்பெண்டசோல் 400 மி.கி.யோடு ஐவர்மெக்டின் 6 மி.கி. சேர்ந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 60 கிலோ எடையுள்ளவருக்கு வேண்டியது 12 மி.கி. அப்படியானால் கூட்டு மாத்திரையில் கிடைப்பது பாதி அளவு. 45 கிலோ அம்மாவுக்கு வேண்டியது 9 மி.கி., அவருக்கும் போதாது. சரி, இரண்டு போட்டுவிடலாம் என்றால் அல்பெண்டசோல் 800 ஆகிவிடும். 12 மி.கி. சேர்ந்த வகையும் உண்டு. எடைக்குத் தக்கபடி 3, 6, 12 மி.கி. ஐவர்மெக்டின் மாத்திரைகளைத் தனியாக எழுதி வாங்குவதே எங்கள் பரிந்துரை. கூட்டு மாத்திரை இரண்டு மருந்தும் சேர்ந்த பலமான மாத்திரை என்ற நிம்மதியைக் கொடுத்துவிட்டு, சரியான அளவைக் கொடுக்காமல் போவதுதான் அதன் குறை. சாட்டைப்புழுவுக்கு இந்தக் கூட்டு, தனி அல்பெண்டசோலைவிட மேல் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இப்போது மோஷன் டெஸ்ட். லேபில் வழக்கமாகச் செய்வது நேரடிப் பூச்சு. கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு உப்பு நீர், பக்கத்தில் ஒரு சொட்டு அயோடின், இரண்டிலும் குச்சி முனையில் தொட்ட மலத்தைக் கலக்கி, மேலே சிறு கண்ணாடி மூடி வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. அந்தக் குச்சி முனையில் இருப்பது சுமார் 2 மில்லிகிராம்தான். கூட்டம் நெரியும் லேபில் ஓரத்தில் நாலு இடம் பார்த்துவிட்டு "புழு, முட்டை காணப்படவில்லை" என்று எழுதுவது எளிது. மூடிக் கண்ணாடியின் பரப்பு முழுவதையும் வரிசைவரிசையாக ஓட்டிப் பார்த்தால்தான் அந்தச் சொல்லுக்கு மதிப்பு. கொக்கிப்புழு அதிகமாக இருந்தால் இதிலேயே தெரிந்துவிடும். ஸ்ட்ராங்கிலாய்டிஸ் முட்டையாக வருவதில்லை, குஞ்சாக வரும், அதுவும் சில நாள் வரும், சில நாள் வராது. ஒரு தடவை பார்த்ததில் பாதிக்கு மேல் தப்பிவிடும்.

ஆகவே மூன்று மாதிரி. ஒருநாள் விட்டு ஒருநாள், பத்து நாளுக்குள். "செறிவூட்டிப் பாருங்க" என்று கேட்க வேண்டும்: சுமார் ஒரு கிராம் மலத்தை ஃபார்மலின், ஈதர் சேர்த்துச் சுழற்றி அடியில் தங்குவதைப் பார்க்கும் முறை அது. 2 மில்லிகிராமுக்குப் பதில் ஒரு கிராமிலிருந்து தேடுவதால் கிடைக்கும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. ஸ்டீராய்டு தொடங்கப் போகிறவர் என்றால் அதற்கும் மேலே போய், அகார் தட்டில் மலத்தை வைத்து இரண்டு மூன்று நாள் குஞ்சு ஊர்ந்த தடம் பார்க்கும் பரிசோதனையோ, ரத்தத்தில் எதிர்ப்பொருள் பரிசோதனையோ பொருத்தம். மூலைக்கு ஒன்றாக இருக்கும் சிறு லேப்களில் இவற்றை எதிர்பார்க்க முடியாது. பெரியாஸ்பத்திரி போன்ற மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மருத்துவரிடம் காரணத்தைச் சொல்லிக் கேட்பதே வழி.

டெஸ்ட் கெட்டுப்போவது பாதி நேரம் லேபில் அல்ல, வீட்டில். அகலவாய் டப்பா, காய்ந்தது, இறுக்கமான மூடி. கொட்டைப்பாக்கு அளவு போதும்; தண்ணியாகப் போனால் இரண்டு ஸ்பூன். சளியோ ரத்தமோ தெரிகிற இடத்திலிருந்து எடுக்க வேண்டும். சிறுநீரோ பக்கெட் தண்ணீரோ கலக்கக் கூடாது. தண்ணீர் பட்டால், பேதிக்குக் காரணமாகும் ஒற்றைச்செல் கிருமியான அமீபா வெடித்துவிடும், வெளித் தண்ணீரில் உள்ள பூச்சிகளும் மாதிரியில் சேர்ந்துவிடும். குத்துக்காலிட்டு உட்கார முடியாதவருக்கு, கம்மோடு நாற்காலியின் அடியில் சுத்தமான பிளாஸ்டிக் பையை விரித்துப் பிடிப்பதுதான் எளிது. மலச்சிக்கலுக்காக விளக்கெண்ணெயோ பாரஃபின் எண்ணெயோ குடித்துவிட்டு மாதிரி எடுத்தால் எண்ணெய்த் துளிகளே எங்கும் மிதக்கும், லேபில் ஒன்றும் தெரியாது. ஆண்டிபயாடிக் முடித்து இரண்டு வாரமாவது ஆகியிருக்க வேண்டும்.

நேரம் முக்கியம். தண்ணியான மலம் அரை மணிக்குள், மற்றது ஒரு மணிக்குள் லேப் போய்ச் சேர வேண்டும். பேரையூரிலிருந்து முதல் நாள் சாயங்காலம் எடுத்து, மறுநாள் காலை பஸ்ஸில் மதுரைக்குக் கொண்டுவந்தால் நம் வெயிலில் வேறொரு குழப்பம் நடக்கும்: கொக்கிப்புழு முட்டை டப்பாவுக்குள்ளேயே பொரிந்து குஞ்சாகிவிடும். அனுபவமில்லாத கண்ணுக்கு அது ஸ்ட்ராங்கிலாய்டிஸ் குஞ்சு போலவே தெரியும். வாய்க்குழி நீளமா, குட்டையா என்பதுதான் வித்தியாசம்: கொக்கிப்புழுக் குஞ்சுக்கு நீளம், மற்றதுக்குக் குட்டை. பழைய மாதிரியில் குஞ்சு என்று ரிப்போர்ட் வந்தால் புது மாதிரி கொடுத்து மறுபடி பாருங்கள். பிரிட்ஜில் வைப்பதும் சரியல்ல. குஞ்சு வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை அதோடு போய்விடும். தொலைவிலிருந்து வருகிறவர்கள் முந்தின நாளே லேபில் ஃபார்மலின் ஊற்றிய டப்பா கேட்டு வாங்கிப் போவது நல்லது. அந்த டப்பா பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

ரிப்போர்ட்டில் அதிகம் ஏமாற்றுகிற வரி "அமீபா சிஸ்ட் காணப்பட்டது" என்பது. சிஸ்ட் என்றால் கூடு கட்டி உறங்கும் நிலை. நோய் செய்யும் அமீபாவும் செய்யாத அமீபாவும் சிஸ்ட் நிலையில் மைக்ராஸ்கோப்பில் ஒரே மாதிரி இருக்கும். பேதியோ ரத்தமோ இல்லாத பெரியவருக்கு இந்த ஒரு வரியை வைத்து வாரக்கணக்கில் அமீபா மருந்தான மெட்ரானிடசோல் கொடுப்பதில் அர்த்தம் இல்லை. வாயெல்லாம் உலோக வாடை அடித்து, இருக்கிற கொஞ்சம் பசியும் போய்விடும். இதயத்துக்காக அசிட்ரோம், வார்ஃபரின் போல ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவருக்கோ அது உண்மையிலேயே ஆபத்து: மெட்ரானிடசோல் சேர்ந்தால் ரத்தக்கசிவு வரும் அளவுக்கு அதன் வேகம் கூடும். ஐவர்மெக்டின் எடுத்த பின்னும் அவர்களுக்கு ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் பரிசோதனை) பார்க்க வேண்டும். ரத்தம் கலந்த பேதி என்றால் கதை நேர்மாறு. அங்கே அமீபாவைத் தேடாமல் குடல் அழற்சி என்று ஸ்டீராய்டு தொடங்கினால் குடல் ஓட்டையாகும் வரை போகலாம்.

மோஷன் டெஸ்ட்டோடு முழு ரத்தப் பரிசோதனை ஒன்றும் எடுத்துவிடுங்கள். அதில் ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுவின் எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டருக்கு 500க்கு மேல் இருந்தால், மலத்தில் ஒன்றும் காணாவிட்டாலும் தேடலை விடக் கூடாது. ஸ்டீராய்டு எடுக்கிறவருக்கு இது சரியாக இருப்பதாகக் காட்டும், அதை நம்ப வேண்டாம். ஹீமோகுளோபின் ஆண்களுக்கு 13க்கும் பெண்களுக்கு 12க்கும் கீழே இருந்தால் ரத்தசோகை. கொக்கிப்புழு கிடைத்தது, மாத்திரை போட்டாகிவிட்டது என்று அங்கே நின்றுவிடக் கூடாது. அறுபதுக்கு மேல் இரும்புச்சத்து குறைந்தால் பெருங்குடல் புற்றுநோய், வயிற்றுப் புண், மூட்டுவலி மாத்திரையால் வரும் கசிவு இவற்றையும் பார்த்தே தீர வேண்டும். புழு இருப்பவருக்குப் புற்றுநோய் இருக்காது என்று எந்தச் சட்டமும் இல்லை. இரும்பு மாத்திரையை டீ, பால், கால்சியம் மாத்திரையோடு சேர்க்காமல் இரண்டு மணி இடைவெளி விட்டு எடுக்க வேண்டும், ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும். மலம் கறுப்பாகும், பயப்பட வேண்டாம்.

மருந்து எடுத்து இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி மோஷன் டெஸ்ட். கொக்கிப்புழு முட்டை அப்போதும் தெரிந்தால் இன்னொரு முறை மாத்திரை. வயலுக்குத் திரும்புகிறவர்களுக்கு வார் வைத்த, பின்பக்கம் பிடிப்புள்ள ரப்பர் செருப்பு நல்லது; சாதா ஹவாய் செருப்பு சேற்றில் வழுக்கும், கம் பூட்ஸ் தளர்ந்த காலுக்குக் கனம். களை பறிக்கும்போது கையுறை. ஸ்ட்ராங்கிலாய்டிஸுக்கு மருந்து எடுத்தவர்கள், ஆஸ்பத்திரிச் சீட்டுகள் வைத்திருக்கும் கவரின் முதல் தாளில் மருந்து எடுத்த தேதி, அன்றைய எடை, ஐவர்மெக்டின் எத்தனை மி.கி., மறுபரிசோதனை முடிவு நான்கையும் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். நாளைக்கு இளைப்புக்கு எந்த டாக்டரிடம் போனாலும், ஸ்டீராய்டு எழுதுமுன் அவர் பார்க்க வேண்டிய தாள் அது.